பாறையாகிப்போன மணல்

புதுத்துறை மாநகரின் குடிமக்கள் யாவரும் நின்ற இடத்திலேயே நின்று, நெஞ்சில் கை வைத்துக் கேட்க வேண்டிய செய்தி: நம் காலடி மணல் பாறையாகிவிட்டது. இயற்கைக்குக் கோடி ஆண்டு பிடிக்கும் வேலையை மணலுறுதி வாரியம் ஒரே மழைக்காலத்தில் முடித்துக் கொடுத்திருக்கிறது.

சுவர் ஒலிபெருக்கி இதை முழங்கியபோது குடிமக்கள் ஏற்கெனவே நின்ற இடத்தில்தான் நின்றார்கள். தினமும் காலையில் ‘அசையா நிமிடம்’ என்று ஒன்று உண்டு. அப்போது யாரும் நடக்கக் கூடாது, மிக்சி ஓட்டக் கூடாது, தும்மல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். ஜெசிந்தா கையில் தோசைக் கரண்டியோடும், மகள் மெர்லின் வாயில் பல்துலக்கியோடும் சிலையாக நின்றார்கள். தோசை மட்டும் சட்டத்தை மதிக்காமல் கருகியது.

கடல் பழைய ஊரை விழுங்கிய பிறகு, அதே கடலின் அடியிலிருந்து உறிஞ்சிக் கொட்டிய மணலின் மேல் எழுந்த நகரம் இது. அதனால் ஒவ்வொரு வீட்டுத் தரைக்கடியிலும் இரண்டு அழுத்தமின் உணரிகள் உண்டு. பீசோ சென்சார் என்றால்தான் மக்களுக்குப் புரியும். ஒன்று மணலை மெல்ல அதிர வைக்கும். மற்றது அந்த அதிர்வு எப்போது வந்து சேர்கிறது என்று காத்திருக்கும். அசையா நிமிடம் இதற்காகத்தான். அலையின் வேகம் நொடிக்கு நூற்றைம்பது மீட்டருக்குக் கீழே போனால் மணல் தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்தக் குடும்பத்துக்கு மலைமேல் மேட்டுநகரில் அரசு வீடு. அளவு இறங்காமல் தானாக வெளியேறினால் ஒன்றும் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், பாதி ஊர் நூற்றைம்பதுக்குக் கீழே போய்விட்டது. மேட்டுநகரில் வாரிய உறுப்பினர்களும் அவர்களுடைய மச்சினர்களும் போக மிச்ச வீடு இல்லை.

அப்போதுதான் வாரியத் தலைவர் முனைவர் தில்லைநாயகத்துக்கு ஞானம் பிறந்தது. மணலில் இரண்டு அலைகள் ஓடுவதாகப் பொறியாளர் குயிலி அவருக்கு விளக்கியிருந்தாள். மணல்துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருந்தால்தான் ‘ஆட்டலை’ என்கிற ஆட்டும் அலை ஓடும்; அது மெதுவாக வரும், ஆனால் தரையின் பலத்தைச் சொல்வது அதுதான். ‘தள்ளலை’ என்கிற தள்ளும் அலை அப்படியில்லை. ஒலியைப் போல, எதிரே மணலோ தண்ணீரோ எது இருந்தாலும் அதைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்து நிற்கும்.

“முதல்ல வர்றவனுக்குத்தானேம்மா மாலை?” என்றார் தலைவர். “பின்னால வர்றவனுக்கு எதுக்கு நாற்காலி போட்டு வச்சிருக்க?”

அன்று முதல் தள்ளலையே அரசு அங்கீகாரம் பெற்ற அலையானது. குயிலி ஆணையில் கையெழுத்துப் போட்டாள். மேட்டுநகர்ப் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது.

மழைக்காலம் முடிந்தபோது கடலோர வீடுகளின் அளவு ஒரேயடியாக எகிறியது. ஜெசிந்தாவின் வீடு நூற்றுப்பத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறைத் தொட்டு, ஊரிலேயே முதலிடம் பிடித்தது. தலைவர் பரிவாரத்தோடு வந்து நிலைப்படிக்கு மாலை போட்டார். நிலைப்படி கோணலாக இருந்ததால் மாலையும் கோணலாகத் தொங்கியது.

மேட்டுநகர் கேட்டு அவள் கொடுத்த விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று ஜெசிந்தா விசாரித்தாள்.

“பாறை மேல குடியிருந்துகிட்டு மலைக்கு எதுக்கும்மா?”

“தரை சாயுது சார். பிள்ளைய கட்டில்ல போட்டா, விடியும்போது செவரோரம் கெடக்கா.”

“உங்க கண்ண நம்புறீங்க, கருவிய நம்ப மாட்டேங்கிறீங்க. மேட்டுநகர்ல எங்க வீடே நானூறுதான், தெரியுமா?”

“அப்ப மாத்திக்கிடுவோம் சார். நீங்க இங்க வந்து இருங்க. நாங்க நானூறுல கெடந்துக்கிடுதோம்.”

தலைவர் சிரித்தார். அவர் சிரித்ததால் பரிவாரமும் சிரித்தது. குயிலி மட்டும் கோணல் மாலையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தாள்.

அடுத்த வாரமே, பட்டப்பகலில், பெரிய புயல் எதுவும் இல்லாமலே ஊரின் முதலிட வீடு கடலுக்குள் சரிந்தது. சமையலறை முதலில் போயிற்று, பிறகு கூடம். ஜெசிந்தாவின் கணவன் ரோச் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். மூவரும் உயிர் பிழைத்தார்கள். கட்டிய துணியைத் தவிர வேறெதுவும் பிழைக்கவில்லை.

மீட்புப் படகில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தபோது வாரியத்தின் முடிவு கைபேசியில் வந்து சேர்ந்தது. இன்று காலை அளவிலும் தங்கள் வீடு ஆயிரத்து ஐந்நூறில் உறுதியாக நிற்பதால் மேட்டுநகர் விண்ணப்பம் இறுதியாக நிராகரிக்கப்படுகிறது, வாழ்த்துகள் என்றது அது.

“எந்த வீட்டச் சொல்லுதானுவ?” என்று ரோச் கேட்டான்.

ஜெசிந்தா கைகாட்டினாள். அவள் காட்டிய இடத்தில் அலையடித்துக்கொண்டிருந்தது. அடியில் இரண்டு சென்சார்களும் தங்கள் கடமையைச் செய்துகொண்டிருந்தன.

கடல்நீரில் ஒலி நொடிக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடும்.