வாழ்த்துப் பலகை மிதந்த மழை

செருப்பைக் கையில் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் கல்லூரி வாசலுக்கு வந்த ஸல்மியா அப்படியே நின்றுவிட்டாள். இந்தோனேசியாவின் சமரிந்தா நகரில் கல்யாணமானாலும் கடை திறந்தாலும் வாசலில் ஆளுயரப் பூப்பலகை நிற்கும், அதிசயமில்லை. ஆனால் இந்தத் தெர்மகோல் பலகையில் மஞ்சள் பூக்களைக் குத்தி எழுதியிருந்தது... 'பசுமை மாணவர் அணித் தலைவர் யுஸ்ரானுக்கு வாழ்த்துகள்.' கீழே நிலக்கரிச் சுரங்கத்தின் பெயர்.

மலையைத் தோண்டி, இந்த வருடம் ஐந்து முறை அவள் வீட்டுக்குள் சேற்றை அனுப்பிய அதே சுரங்கம். நாளைக்கு அதை எதிர்த்துத்தான் கூட்டம். பேசப்போவதே அந்தத் தலைவர்தான்.

பக்கத்தில் ஒருத்தன் மழைக்கு ஒதுங்கியிருந்தான். நனைந்த இமைகள் கொஞ்சம் அதிகமாகவே நீளம். அத்தனை கோபத்திலும் இதை மட்டும் அவள் கவனிக்கத் தவறவில்லை, பாருங்கள்.

"யாருங்க அந்த யுஸ்ரான்? என்ன விலைக்குப் போனாராம்?"

"நான்தான்..."

பிறகு அவள் திட்டிய திட்டை வாசல் காவலாளி இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். பலகையை இப்போதே உடைக்கச் சொன்னாள். அவன் தலைகுனிந்தானே தவிர, தொடவில்லை. அதற்குள் அவள் அம்மாவிடமிருந்து போன்: கட்டில் வரை தண்ணீர்.

ஓடினாள். பின்னாலேயே பலகையை இழுத்துக்கொண்டு அவனும் ஓடினான். இடுப்பளவு வெள்ளத்தில் அதைப் படுக்கப்போட்டு அரிசி மூட்டை, தங்கையின் புத்தகங்கள், முறைத்துக்கொண்டிருந்த ஒரு பூனை என்று ஏற்றினான். வாழ்த்துகள் மிதந்து போவதைப் பார்த்து, தெருவே மாடியிலிருந்து கேலி செய்தது.

"இதை ஏன் அங்கயே ஒடைக்கல, தலைவரே?"

"எங்கப்பா அந்தச் சுரங்கத்துல லாரி ஓட்டறார். மகன் தலைவனாயிட்டான்னு மேனேஜர்கிட்ட கெஞ்சி வைக்கச் சொல்லியிருக்கார்..."

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அவரைத் திட்டுவீங்க. என்னோட போகட்டும்னு..."

கோபம் குறையவில்லை. யார் மேல் இறக்குவது என்றுதான் தெரியவில்லை.

"நாளைக்கு மேடையில அந்தச் சுரங்கத்தோட பேரைச் சொல்லணும். உங்கப்பா காதுல விழற மாதிரி."

மழை அவன் இமையில் தங்கி, சொட்டியது. "மொதல்ல வீட்டுல அவர்கிட்டயே சொல்லிடறேன். அப்பறம் மேடையில... நீங்க பக்கத்துல நிப்பீங்களா?"

"நிப்பேன். திட்டறதுக்கு."

"எவ்வளவு நாளைக்கு?"

"தண்ணி வடியற வரைக்கும்."

அவன் தெருவை மேலும் கீழும் பார்த்தான். "இந்த ஊர்ல அது என்னிக்குங்க முழுசா வடிஞ்சிருக்கு?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "பலகையத் தள்ளுங்க..."