கோமுகிக்கு அடியில் இருப்பவள்

கருவறைக்குள் ஊற்றிய தண்ணீர் வெளியே வரவில்லை.

சுகிர்தா குழாயை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். கரியும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் நாற்றமும் கலந்த தண்ணீர், வடக்குச் சுவரோரத் துளையை நோக்கி நிதானமாக நகர்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே இறங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் கோமுகி. அபிஷேகத் தண்ணீர் வெளியே விழும் கல் மூக்கு.

"லோகு, வருதா?"

"ஒரு சொட்டு வர்ல அண்ணி," வெளியிலிருந்து கொழுந்தன் கத்தினான். "பாதி லாரி தண்ணி காலி. நீயே குடிச்சிக்கினு கீறியா இன்னா?"

சிரித்தாள். அவள் சிரித்து முடித்த பிறகும் துளைக்குள் ஏதோ கொஞ்ச நேரம் கரகரத்தது.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைகளின் புகையில் கறுத்த கோயில் அது. திருப்பணிக்காகத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் வேலை அவர்களுக்கு. சாமியின் சக்தியை ஒரு பலகைக்கு மாற்றி வெளிக் கொட்டகையில் வைத்துவிட்டார்கள். வேலை முடியும்வரை கருவறை வெறும் அறை. அதனால்தான் அவளை உள்ளே விட்டார்கள்.

காலையில் வெளிச்சுவரைக் கழுவியபோது கோமுகிக்கு அடியில் ஒரு சிற்பம் தெளிந்தது. வழக்கமாகக் குள்ளபூதம் சுமந்து நிற்கும் இடத்தில், குத்துக்காலிட்ட பெண் ஒருத்தி. அண்ணாந்த முகம். திறந்த வாய். வாய் நிறையச் சுண்ணாம்புக் காரை.

தர்மகர்த்தா ஆதிகேசவன்தான் கதையைச் சொன்னார். கோயில் கட்டும்போது கல் சுமந்த சேரிப் பெண் ஒருத்தி, தாகம் தாங்காமல் கோமுகித் தண்ணீரை ஏந்திக் குடித்துவிட்டாளாம். வாயில் காரையை அடைத்து, உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டினார்களாம்.

"வருஷா வருஷம் நாங்கதாம்மா பூசிக்கிட்டு வர்றோம். அது அப்படியே இருக்கட்டும்."

"எங்க ஆளு ஒருத்தி தண்ணிக்கு வாயத் தொறந்துகினு கீறா. நீங்க மூடுன்னா மூடிடுவனா சார்?"

அவர் பார்க்கப் பார்க்கவே உளியால் காரை முழுவதையும் நோண்டி எடுத்திருந்தாள்.

இப்போது கருவறைக்குள் துளை விழுங்கியது. தொண்டை அசைந்து, இறங்கி, மீண்டும் அசையும் சத்தம். தூரத்தில் ஷிப்டு சங்கு ஊதி ஓய்ந்தது. அதற்கப்புறம் அந்தச் சத்தம் மட்டும். தரையில் ஈரம் இல்லை. சுவரில் இல்லை. அவள் சட்டையில் இருந்த வியர்வை காய்ந்தது. உதடு வெடித்தது.

போய்விடலாம் என்றது உடம்பு. ஏன் போக வேண்டும் என்று நின்றாள்.

வெளியே அலறல்.

குழாயோடு ஓடினாள். கோமுகிக்குக் கீழே சிமெண்ட் சட்டி கவிழ்ந்து கிடந்தது. ஆதிகேசவன் மண்டியிட்டிருந்தார். அடைக்கப் போன கை, முழங்கை வரை அந்த வாய்க்குள்.

லோகுவும் அவளும் இழுத்தார்கள். அசையவில்லை. கைத்தோல் சுருங்கிக்கொண்டே வந்தது. நரம்புகள் தட்டையாயின.

"உடைச்சிடும்மா... அந்த மூஞ்சிய உடைச்சிடு..."

"அண்ணி, உடை!"

உளியை ஓங்கினாள். கல் முகம் அவளைப் பார்த்தது. கெஞ்சவில்லை. மிரட்டவும் இல்லை. தாகம். அவ்வளவுதான்.

உளியைக் கீழே போட்டாள். குழாயை அந்த வாயோரம் வைத்துத் திறந்துவிட்டாள். தண்ணீர் சீறி இறங்கியது. கல் தொண்டை ஏறி இறங்கியது. அவர் கை கொஞ்சம் தளர்ந்தது. தளர்ந்தபோதே லாரி காலியானது.

குழாய் இருமி நின்றது.

தொண்டை நிற்கவில்லை.

ஆதிகேசவனின் குரல் முதலில் போனது. பிறகு கண்ணின் ஈரம்.

"மூடிரலாம் அண்ணி," லோகு சிமெண்டை அள்ளினான். அழுதுகொண்டிருந்தான், கண்ணீர் வரவில்லை.

சுகிர்தா அவன் கையைத் தட்டிவிட்டாள். சிமெண்ட் சிதறியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பிய்த்தெடுத்துப் பேசினாள்.

"மூட வுடமாட்டேன். இன்னொரு லாரி சொல்லு."

அவளுக்குப் பின்னால், கரி போகக் கழுவி எடுத்த சுவர் நெடுக, கல்லும் கல்லும் சேரும் இடங்களில் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு வாய். அண்ணாந்து, திறந்து.