கைக்கு அடக்கமாய் ஒரு ரிவால்வர்

"ஆஆஆ...!"

அலறல் கடையின் கண்ணாடி அலமாரிகளை அதிர வைத்தது.

ஜமீலா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

கவுண்டருக்கு எதிரே ஒரு பெண் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் நெற்றிக்கு நேராக ஒரு ரிவால்வர்!

அதைப் பிடித்திருந்தவன்... அவள் புருஷன்.

பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சும்மா குறி பாத்தனுங்க மேடம். உள்ளதான் குண்டு இல்லையே...!"

ஜமீலா எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தாழ்த்தினாள். ரிவால்வரைப் பிடுங்கி வெல்வெட் துணிமேல் வைத்தாள்.

"குண்டு இல்லன்னு நினைச்சுச் சுட்டவங்களே எரவாடா ஜெயில்ல ஒரு பந்திக்கு இருக்காங்க சார். நீங்களும் போய் உக்காரணுமா?"

"ஸாரிங்க..."

புனே கேம்ப்பில் அந்த ஆயுதக் கடைக்கு வயது அறுபது. அத்தா இறந்த பிறகு பதினெட்டு வருடமாக ஜமீலாதான் முதலாளி. மேலப்பாளையத்துக் குடும்பம். வீட்டுக்குத் தமிழ், கஸ்டமருக்கு ஹிந்தி, போலீஸுக்கு மராத்தி என்று நாக்கை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தாள். துப்பாக்கி வாங்க வருகிறவன் கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று அவளுக்கு ஒரு பேர் உண்டு.

அந்தப் பேரைப் பரப்பியதும் அவள்தான்.

'உயிருக்கு ஆபத்து' என்று எழுதிக் கொடுத்து லைசென்ஸ் வாங்கி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆபத்து சர்க்கரையிலிருந்துதான் என்பது அவள் கணிப்பு.

"லைசென்ஸ் யார் பேர்ல?"

"இவ பேர்லதானுங்க. சுப்ரஜா. நான் ராகவேந்திரா, ஐ.டி. கோயமுத்தூருங்க. இவ தளேகாவ்ல ஒரு ஃபேக்டரியில ஹெச்.ஆர். போன வருஷம் நாப்பது பேரை வேலைய விட்டுத் தூக்குனாங்க. லெட்டர்ல கையெழுத்து இவளோடது. அதுல இருந்து மிரட்டல் போன்... 'உன்னை முடிச்சிருவோம்'னு!"

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொல்லித்தானுங்க லைசென்ஸே கிடைச்சுது."

சுப்ரஜாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

ராகவேந்திரா, இருந்த மூன்று ரிவால்வர்களில் ஆகச் சின்னதை எடுத்தான்.

"இதையே குடுத்துருங்க மேடம். செல்போன் சைஸ்ல ஜம்முனு இருக்குது!"

"ஜம்முனுதான் இருக்கும். சுட்டா ஜம்முனு கையை விட்டே பறக்கும். துப்பாக்கி எவ்ளோ லேசோ அவ்ளோ உதைக்கும் சார். பிடியும் குட்டை. சுண்டு விரல் அந்தரத்துல தொங்கும்."

"அப்ப இந்தப் பெருசு?"

"நாலு இஞ்ச் பேரல். குறி நல்லா நிக்கும். ஆனா ஹேண்ட்பேக்ல இருந்து இதை உருவறதுக்குள்ள வந்தவன் வேலைய முடிச்சுட்டு சாயாவும் குடிச்சுட்டுப் போயிருப்பான்."

பின்னாலிருந்த ரிப்பேர் மேஜையில் சுப்பையா களுக்கென்று சிரித்தார். கிர்க்கி பக்கம் ஆயுதத் தொழிற்சாலையில் முப்பது வருடம் துப்பாக்கிப் பாகங்களைப் பூட்டிவிட்டு ரிட்டயர் ஆனவர். இப்போது ஜமீலா கடையின் மெக்கானிக்.

ஜமீலா நடுவில் இருந்ததை முன்னால் தள்ளினாள்.

"இது நடுவாந்தரம். பேரல் குட்டை, பேக்ல சிக்காது. பிடி முழுசு, எல்லா விரலும் உக்காரும். கொஞ்சம் கனம்தான். ஆனா அந்தக் கனம்தான் உதையை வாங்கிக்கும். ஆறு குண்டு. பத்தடிக்கு மேல குறி பார்த்தா காக்காதான் விழும். பத்தடிக்குள்ள... ஒண்ணு போதும்."

ராகவேந்திரா தலையைச் சொறிந்தான்.

"அதில்லீங்க மேடம்... இவ கையில எதைக் குடுத்தாலும் கீழ போட்டுருவா. போன மாசம் மிக்ஸி ஜார். அதுக்கு முன்னால என் லேப்டாப். இதுவும் கை தவறி வெடிச்சு வெச்சா... போலீஸ்ல என்னன்னு எழுதிக்குவாங்க?"

ஜமீலாவின் புருவம் ஏறியது.

துப்பாக்கி வாங்க வருகிறவன் எப்படிச் சுடுவது என்று கேட்பான். இவன் சுட்ட பிறகு என்ன எழுதுவார்கள் என்று கேட்கிறான்!

"அவங்க கையில குடுங்க சார். லைசென்ஸ் அவங்களுது."

சுப்ரஜா வாங்கினாள். கை வெடவெடவென்று நடுங்கியது. ட்ரிகரை இழுத்தாள். அசையவில்லை.

"முடியலக்கா..."

"நாந்தான் சொன்னனே!" என்று சிரித்தான் ராகவேந்திரா.

ஜமீலாவுக்குள் மணி அடித்தது.

"உள்ள வாம்மா. ஹேண்ட்பேக்ல வெச்சுப் பார்க்கணும். சார், நீங்க இங்கயே உக்காருங்க. லேடீஸ் மேட்டர்."

உள் அறைக் கதவு சாத்தியதுதான் தாமதம்... சுப்ரஜா பொலபொலவென்று அழுதாள்.

"எனக்கு பயமா இருக்குக்கா!"

"யாரைப் பார்த்து? தூக்கின ஆளுங்களையா?"

சுப்ரஜாவின் கண் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது.

"அந்த மிரட்டல் போன்... அவர் குளிக்கப் போறப்ப மட்டும்தான் வருது."

"அல்லா...!"

"குரலை ஏதோ ஆப் போட்டு மாத்திப் பேசுது. ஆனா ஒரு தடவை 'முடிச்சிருவோமுங்க'ன்னு வாய் தவறிடுச்சு."

கோயமுத்தூர்க்காரன்! கொலை மிரட்டலில்கூட மரியாதை குறையவில்லை. ஜமீலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி கதவைத் தாழிட்டாள்.

"எதுக்கு இதெல்லாம் பண்றான்?"

"அவர் ஆபீஸ்ல கீர்த்தின்னு ஒருத்தி. ரெண்டு வருஷமாக்கா. 'இவ கை தவறிப் போடறவ'ன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கார். நாளைக்கு என் துப்பாக்கியே என்னைச் சுட்டாலும்... யாரு கேப்பாங்க?"

"இப்பவே வேணாம்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிரு!"

"வேற கடையில வாங்குவார். அந்தச் சின்னதை வாங்கி என் தலையில கட்டுவார். எனக்கு ஒண்ணும் தெரியாதேக்கா..."

ஜமீலா அரை நிமிடம்தான் யோசித்தாள்.

"தெரிஞ்சுக்கோ! தேக்கோ, இங்க பாரு... ரெண்டு கையாலயும் பிடி. பின்னால குட்டிச் சுத்தியல் இருக்கே, அதைக் கட்டை விரலால இழுத்து வை. இப்ப ட்ரிகர் பூ மாதிரி வரும். பேக்ல இதுக்குன்னு தனி அறை வெச்சுக்கோ. சீப்பு, சாவியெல்லாம் போட்டேன்னா சுத்தியல் அதுல மாட்டிக்கும். கிட்ட வந்தா கண்ணை மூடாதே. நெஞ்சைப் பார்த்து அழுத்து."

க்ளிக்.

க்ளிக்.

நாலாவது தடவை சுப்ரஜாவின் கை நடுங்கவில்லை.

"அரே வா! சட்டுனு பிடிச்சுக்கிட்டியே!"

"நீங்க சொல்லித் தர்ற விதம்க்கா..." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் சுப்ரஜா.

நடுவாந்தர ரிவால்வர் லைசென்ஸில் ஏறியது. புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக இறங்கிப் போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் ஜமீலா போனை எடுத்தாள். சப்-இன்ஸ்பெக்டர் ஜெயசீலன். கிர்க்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"சார், ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கொல்லப் போறான்!"

"எப்படிச் சொல்றீங்க ஜமீலா மேடம்?"

"பெண்டாட்டியே அழுதுட்டுச் சொன்னா. அவன் முழியையும் பார்த்தேன்."

"அழுகை, முழியை வெச்செல்லாம் கேஸ் போட்டா, கல்யாணமான ஆம்பளை பூராவும் உள்ளதான் இருப்பான். ஏதாச்சும் நடந்தா கூப்பிடுங்க."

நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜமீலாவின் போன் அடித்தது.

ஜெயசீலன்!

"மேடம்... விஷ்ராந்த்வாடியில அந்தப் புருஷன் பெண்டாட்டி ஃப்ளாட்டுக்கு வாங்க. நீங்க வித்த ரிவால்வர். ஒரு குண்டு. ஒரு பாடி."

ஜமீலா செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். 'பாவி... முடிச்சுட்டானா!'

ஆட்டோவில் பாதி வழி அழுதாள். மீதி வழி ராகவேந்திராவைத் திட்டினாள். மராத்திக்கார டிரைவர் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினான்.

நாலாவது மாடி. கதவு திறந்திருந்தது. ஹாலில் வெள்ளைத் துணி மூடிய உடல்.

துணிக்கு வெளியே தெரிந்த பாதம்... ஆம்பளைப் பாதம்!

"அக்கா...!"

சோபாவிலிருந்து எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள் சுப்ரஜா. உயிரோடு. முழுசாக.

"அவரே குண்டு போட்டு என் பக்கம் திருப்பினார்க்கா. 'கை தவறிடுச்சுன்னு சொல்லிக்கறேன்'னு சிரிச்சார். நான் பிடிச்சுத் தள்ளினேன், பிடுங்கினேன்... நீங்க சொல்லிக் குடுக்கலேன்னா அங்க நான்தான் கிடந்திருப்பேன்!"

ஜமீலா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். துணிக்கு அடியில் கிடந்தவனைப் பார்த்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

ஜெயசீலன் மெதுவாகக் கேட்டார்.

"நீங்க அன்னைக்கு போன்ல சொன்னதை எழுதித் தருவீங்களா மேடம்?"

"ஒண்ணு இல்ல சார், பத்துப் பக்கம் தர்றேன்!"

தந்தாள். திங்கட்கிழமை கடையைத் திறக்காமல் நாள் முழுவதும் ஸ்டேஷனில் உட்கார்ந்து தந்தாள். கடையில் மனைவி நெற்றிக்கு அவன் குறி பார்த்தது. 'கை தவறி வெடிச்சா' என்று கேட்டது. குளியலறை நேரத்து மிரட்டல். கீர்த்தி. ஒன்றையும் விடவில்லை.

சுப்ரஜா அன்று மாலையே வீட்டுக்குப் போனாள். தற்காப்பு!

செவ்வாய்க்கிழமை.

ஜமீலா கடை திறந்தபோது சுப்பையா, மேஜை டிராயரிலிருந்து கடையின் செல்போனை எடுத்து நீட்டினார்.

"சனிக்கிழமை சாயங்காலம் அணைச்சு வெச்சதும்மா. இப்பத்தான் உசுர் குடுத்தேன். நிறைய வாட்ஸ்அப் வந்து கிடக்கு."

'ரேட் ப்ளீஸ்' என்று பதினேழு பேர். 'குட் மார்னிங்' ரோஜாப்பூ ஆறு.

நடுவே ஒரு குரல் செய்தி. சனி, இரவு ஏழரை மணி.

ஜமீலா அழுத்தினாள்.

"மேடம்... ராகவேந்திரா பேசறனுங்க. சுப்ரஜா போனு சார்ஜ்ல கிடந்துது. ஒரு மெசேஜ் வந்துது, எட்டிப் பாத்தனுங்க. அந்த மிரட்டல் நம்பருதான். போலீஸ்ல எழுதிக் குடுத்தமே, அதே நம்பரு. அதுல இருந்து... 'செல்லம், சாப்பிட்டியா'ன்னு வந்திருக்குதுங்க."

செய்தியில் ஒரு நீண்ட மூச்சுச் சத்தம்.

"முடிச்சிருவோம்னு சொன்னவன் சாப்பிட்டியான்னு ஏனுங்க கேக்கறான்? இவகிட்டக் கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. என்னையே பாத்துட்டு உக்காந்திருக்கறா. எனக்குப் பயமா இருக்குதுங்க. போலீஸுக்குப் போனா இவ மானம் போயிரும். அந்த ரிவால்வரைத் திருப்பி எடுத்துக்குவீங்களா? திங்கக்கிழமை கொண்டாந்துடறேன். தயவு பண்ணுங்க மேடம்..."

முடிந்தது.

ஜமீலா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கை தவறி வெடித்தால் என்ன எழுதுவார்கள் என்று அவன் கேட்டது... பெண்டாட்டி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று! இளித்துக்கொண்டு குறி பார்த்தது... வெறும் முட்டாள்தனம்! அவன் எடுத்த சின்ன ரிவால்வரை வேண்டாம் என்று தள்ளி, சுடத் தோதானதை எடுத்துக் கொடுத்தது யார்? கதவைச் சாத்திக்கொண்டு, நெஞ்சைப் பார்த்து அழுத்தச் சொன்னது யார்? பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது யார்?

ஜெயசீலனுக்கு போன் போட்டாள்.

"சார்... நான் எழுதித் தந்த பத்துப் பக்கத்தையும் கிழிச்சுப் போடுங்க. பதினொண்ணாவது இப்பத்தான் வந்திருக்கு!"

வெள்ளிக்கிழமை மதியம் ஜெயசீலன் கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார்.

"கீர்த்தின்னு அவர் ஆபீஸ்ல யாருமே இல்ல மேடம். ஆனா சுப்ரஜாவோட ஃபேக்டரியில கௌஷிக்னு ஒருத்தன் இருக்கான். அந்தம்மாவேதான் இன்டர்வியூ பண்ணி எடுத்தாங்களாம். குரல் மாத்திப் பேசறதுல கில்லாடி. கூப்பிட்டு ரெண்டே ரெண்டு கேள்விதான் கேட்டோம்... சொந்தக் குரல்லயே பாடிட்டான்!"

"அவ...?"

"காலையில தூக்கிட்டோம். புருஷன் விவாகரத்து குடுக்க மாட்டேன்னு அழுதிருக்கான். ரொம்பப் பாசமாம். அதுக்குத்தான் இவ்வளவும். வண்டியில ஏறுறப்ப உங்களைக் கேட்டாங்க. 'அக்காவுக்கு தேங்க்ஸ் சொல்லுங்க'ன்னாங்க."

ஜமீலா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள்.

"பதினெட்டு வருஷம் சார்... கையைப் பார்த்தா ஆளைச் சொல்லிருவேன்னு இருந்தேன். அந்த நடுங்குற கையை நம்பிட்டேனே!"

ஜெயசீலன் பேச்சை மாற்றினார்.

"அந்த லைசென்ஸ் காப்பி ஒண்ணு வேணும். ஃபைல்ல வைக்கணும்."

சுப்பையா உள்ளேயிருந்து எடுத்து வந்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி நிதானமாகப் படித்தார்.

"காரணம்: உயிருக்கு ஆபத்து, தற்காப்புக்காக... எல்லாம் சரியாத்தானே சார் எழுதியிருக்காங்க!" என்றார்.

"அப்புறம் என்ன அண்ணே தப்பு?" என்றாள் ஜமீலா.

சுப்பையா காகிதத்தை மடித்து ஜெயசீலனிடம் நீட்டினார்.

"பேரு மட்டும் மாறிப் போச்சும்மா... புருஷன் பேர்ல குடுத்திருக்கணும்!"