மலையேற ஒரு சக்கரம்

கடை வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்த சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிகிற சத்தம் கேட்டு அவள் வெளியே ஓடி வந்தாள்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சரிந்து கிடந்த சைக்கிள்களின் கோடியில் ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஒன்று, சிறுவர்கள் ஓட்டுகிற குட்டி அளவு, கவிழ்ந்து கிடந்தபடியே சுற்றிக்கொண்டிருந்தது. அவன் எழுந்திருக்க முயலவில்லை. அண்ணாந்து அவளைப் பார்த்தான். அவன் இமையில் ஒரு மழைத்துளி... விழுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டு நின்றது.

"அதுல பிரேக் கிடையாதா?" என்று கேட்டாள்.

"கிடையாது. அதுக்குத்தான் நீங்க இத்தனை சைக்கிளை நிறுத்தி வெச்சிருக்கீங்களே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பைப் பல்லுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள். கோபப்பட வேண்டிய நேரத்தில் சிரித்துத் தொலைத்தால், அப்புறம் அந்த ஆளிடம் கோபமே பட முடியாது. ஆனால் அவன் அதைப் பார்த்துவிட்டான். அவன் தொழில் அப்படி... குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்கிறவன். மூடிய வாய்க்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவனுக்கு வேலையே.

அது அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்துகிற கடை. வாய் அண்ணனுடையது, கை இவளுடையது. சக்கரத்தைத் தாங்கியில் மாட்டி, விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். மயிரிழை ஆட்டம் இருந்தாலும் போதும், எந்தக் கம்பி தொய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருகி நேராக்கிவிடுவாள். அந்தக் கண் கடையோடு நிற்பதில்லை. சுவர்க் காலண்டர், அண்ணன் மீசை, அண்ணன் ஜாடைமாடையாக அறிமுகப்படுத்தி வைத்த நண்பர்கள்... எல்லாவற்றிலும் ஏதாவது கோணல் தெரியும். அதனால் அண்ணன் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே 'கோணல்'. தரையில் உட்கார்ந்திருந்த அவனை அவள் அன்று தலை முதல் கால் வரை பார்த்தாள். முன்பல் ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் ஆபத்து.

உள்ளே வந்து தலையைத் துடைத்துக்கொண்டே டாக்டர் தன் கதையைச் சொன்னான். ஆஸ்பத்திரியில் நாற்காலியைப் பார்த்ததும் அழுகிற குழந்தைகளுக்காகத்தான் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டானாம். ஒற்றைச் சக்கரத்தில் அறைக்குள் நுழைந்தால் ஆச்சரியத்தில் எந்தக் குழந்தையும் வாயைப் பிளந்துவிடும். பிளந்த வாயை மூட விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. இப்போது அவனுக்கு மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்திருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்ய, இவனும் வாயைக் கொடுத்துவிட்டான். அடிவாரத்தில் ஏறினால் உச்சி வரை தரையில் கால் வைக்காமல் ஒற்றைச் சக்கரத்திலேயே வந்து வேலையில் சேர்கிறேன் என்று. அதற்குத் தோதான சக்கரம் வேண்டும்.

"அப்ப சீக்கிரமே போயிடுவீங்க," என்றாள். கேள்வியாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது கேள்வியாக இல்லை.

"அடுத்த மாசம்," என்றான் அவன்.

அவன் கண் போனது கடையிலேயே பெரிய சக்கரத்தின் மேல். மார்பளவு உயரம், பார்க்க ராஜா மாதிரி இருக்கும். அதைத் தொடவே அவள் விடவில்லை. இதில் சங்கிலி கிடையாது, கியர் கிடையாது, மிதி நேராக அச்சில் இருக்கிறது, ஒரு மிதிக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான் என்று விளக்கினாள். பெரிய சக்கரம் சமதளத்தில் பறக்கும், மேட்டில் முழங்காலை முறித்துவிடும். குட்டிச் சக்கரம் சுலபமாக ஏறும், ஆனால் மிதித்து மிதித்து உச்சிக்குப் போவதற்குள் ஆயுசு முடிந்துவிடும். நடுத்தரமான சக்கரம், மிதியை அச்சோடு சேர்க்கிற மிதிக்கை கொஞ்சம் நீளமாக... அதைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவளே கம்பி கோத்து முடுக்கிய ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

கடைக்குப் பின்னால் ரயில்பாதை மேல் போகிற பாலத்தின் ஏற்றம். அதில் அவன் ஏறினான். கீழே நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. தோள் ஆடவில்லை. மூச்சு மிதியோடு சேர்ந்து போனது. பாலத்தின் உச்சியில் திரும்பி, கையை விரித்தபடி, மழையைக் கிழித்துக்கொண்டு இறங்கி வந்தான். ஒரு ஆளுக்கும் சக்கரத்துக்கும் இத்தனை பொருத்தத்தை அவள் பார்த்ததில்லை.

"சரியா இருக்கா?" என்று மூச்சு வாங்கக் கேட்டான். கண்ணில் அப்படி ஒரு பளபளப்பு... பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி.

சரி என்று சொன்னால் சக்கரத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவான். போனவன் மலைமேல் போய்விடுவான். அவள் தொழிலில் பொய் சொன்னதே கிடையாது.

"இன்னும் பார்க்கணும்," என்றாள். "ஞாயித்துக்கிழமை வாங்க."

வந்தான். குட்டிச் சக்கரத்தைக் கொடுத்தாள். அதற்கடுத்த வாரம் அவன் ஆசைப்பட்ட பெரியதையே கொடுத்தாள், பாதி ஏற்றத்தில் கால் நடுங்கி இறங்கினான். அப்புறம் மிதிக்கையின் நீளம், அப்புறம் ஆசனத்தின் உயரம், அப்புறம் டயரின் காற்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. வார நடுவில் அவள் கம்பி கட்டும்போது கை தானாக நின்றுவிடும். பாலத்தின் பக்கம் பார்ப்பாள். யாரும் இல்லாத ஏற்றம்... அதில் மழை மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். 'என்னடி இது, சொல்லித் தொலையேன்' என்று தன்னையே வைதுகொள்வாள். ஞாயிறு வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த முதல் சக்கரத்தை மட்டும் பின்கட்டில் துணி போட்டு மூடி வைத்திருந்தாள்.

அண்ணனுக்குக் கள்ளம் கிடையாது, அதனால்தான் கெட்டது காரியம். கடைசி ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கொஞ்சம் முன்னாடியே வந்துவிட்டான். அவள் டீ வாங்கப் போயிருந்தாள். பேச்சு வாக்கில் அண்ணன் பின்கட்டுத் துணியை விலக்கிக் காட்டினான். இது உங்களுக்கு என்று முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிட்டாள், வேறு யார் கேட்டும் தரவில்லை, இன்னுமா கொடுக்கவில்லை என்று வெள்ளந்தியாகக் கேட்டும் வைத்தான்.

அவள் திரும்பி வந்தபோது டாக்டர் அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இதுதான் சரின்னு முதல் நாளே தெரியுமா உங்களுக்கு?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் அண்ணன், கையில் டீ, எதிரில் அந்தக் கண்... காதல் என்று வாயால் சொல்வதைவிட, கெட்டிக்கார வியாபாரி என்று பெயர் வாங்குவது அவளுக்குச் சுலபமாகப் பட்டது. கடை என்றால் அப்படித்தான், நாலு காட்டித்தான் ஒன்று கொடுப்போம் என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் குழந்தைங்ககிட்டகூடப் பொய் சொல்றதில்லை," என்றான் அவன். "வலிக்கும்னு சொல்லிட்டுத்தான் பல்லைத் தொடுவேன். உங்களை நம்பி முழங்கால் வீங்க வீங்க ஓட்டினேன். வியாபாரத்துக்குக்கூட ஒரு அளவு வேணாமா?"

சக்கரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டீ ஆறிப்போயிற்று. அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்தான், சக்கரம் இருந்த இடத்தைப் பார்த்தான். அவனுக்கு மெல்ல மெல்ல விஷயம் உறைத்தது.

டாக்டரின் பெட்டிகளைக் கடை வேனில் மலைமேல் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக அண்ணன் முன்பே ஒப்புக்கொண்டிருந்தான். அந்த நாள் விடிந்ததும் அண்ணனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நிஜமாகவே பிடித்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வேனுக்குள் கனமான பெட்டிகளை எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் பிடித்தது. சாவியை அவள் கையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடிவாரத்தில் டாக்டர் ஏறத் தயாராக நின்றான். வேனிலிருந்து அவள் இறங்கியதைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் மலர்ந்தது போல் இருந்தது... உடனே இறுகிவிட்டது. பெட்டி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவன் ஏறி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தான்.

பாதை முழுக்க அவள் அவன் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்தாள். முந்திப் போய்விடலாம், போகவில்லை. வேனுக்குள் குழந்தைகளுக்குக் காட்டுகிற பெரிய பிளாஸ்டிக் பல் ஒன்று வளைவுக்கு வளைவு உருண்டு பெட்டியில் முட்டிக்கொண்டிருந்தது. மழை வலுத்தது. கண்ணாடியைத் துடைப்பான் துடைக்கத் துடைக்க, அந்த முதுகு தெரிந்து தெரிந்து மறைந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதைவிடப் பக்கத்தில் நின்றிருக்கிறான்... அவன் தோளில் ஒட்டியிருந்த இலையை எடுக்கலாமா என்று கை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கிறாள்.

பழக்க தோஷத்தில் ஒரு கண்ணை மூடிச் சக்கரத்தைப் பார்த்தாள். துளி ஆட்டம் இல்லை. அவள் கட்டிய சக்கரம், அவனை அவளிடமிருந்து அழகாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

பாதையிலேயே செங்குத்தான வளைவு வந்தது. அவன் ஆசனத்தின் பிடியை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு மிதியாக, விடாமல் ஏறினான். இதைத் தாண்டினால் உச்சிதான். உச்சியில் என்ன செய்யப் போகிறாள்? பெட்டியை இறக்குவாள். கையெடுத்துக் கும்பிடுவாள். காலி வேனை ஓட்டிக்கொண்டு திரும்புவாள். அதை நினைத்தாள். பாதை கலங்கியது, மழையால் அல்ல. வேனை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தாள். அவன் வளைவில் திரும்பி மறைந்தான். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவள் அழுதாள்.

கதவுக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். நிமிர்ந்தாள்.

சக்கரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். தரையில்... இரண்டு காலும் தரையில்.

பதறிப்போய் இறங்கினாள். அந்த மேட்டில் ஒருமுறை இறங்கிவிட்டால் பிடிமானம் இல்லாமல் மறுபடி ஏற முடியாது என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். எல்லோரிடமும் சொன்ன சொல் போச்சு. உச்சி கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. கால் பிசகிவிட்டதா, சக்கரத்தில் ஏதாவதா என்று கேட்டுக்கொண்டே குனிந்து கம்பிகளைத் தடவினாள்.

"சக்கரத்துக்கு ஒண்ணுமில்லை," என்றான். "பின்னாடி வேன் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. திடீர்னு கேட்கலை. அதுக்கு மேல மிதிக்கத் தோணலை... இறங்கிட்டேன்."

குனிந்தவள் நிமிரவில்லை. ஈரக் கம்பியைப் பிடித்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கு வியாபாரம்னு சொன்னது பொய். முதல் தடவை நீங்க பாலத்துல ஏறினப்பவே இதுதான் சரின்னு தெரிஞ்சுபோச்சு. சொன்னா நீங்க போயிடுவீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வரமாட்டீங்க. எனக்கு நீங்க வரணும்போல இருந்துச்சு... அவ்வளவுதான். உங்க முழங்காலை நினைச்சு நான் தூங்கினதே இல்லை. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. பிடிச்சதைச் சொல்லத் தெரியாம உங்களை அலைக்கழிச்சுட்டேன்."

போகட்டும், சொன்னதே போதும் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து அவனுக்கு முதுகைக் காட்டி, மேட்டைப் பார்த்து நின்றாள். இன்னும் உச்சி வரை ஓட்டலாம், தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள், நான் அசையாமல் நிற்கிறேன் என்றாள். குரல் மட்டும் அசைந்தது.

அவன் கை வந்து அவள் தோளில் பட்டது. ஈரம், குளிர். காத்திருந்தாள். பாரம் கூடவில்லை. மிதியில் கால் வைக்கிற சத்தம் வரவில்லை. சக்கரத்தைச் சாலையோரத்துத் தடுப்புச் சுவரில் சாய்த்து வைக்கிற சத்தம்தான் கேட்டது.

"ஏறலையா?" என்றாள், திரும்பாமல்.

"ஏறினா கையை எடுக்கணும்," என்றான் அவன், அவள் காதருகே. "எனக்கு எடுக்க இஷ்டமில்லை."