மாடி அறையின் மஞ்சள் துண்டு

மூடுபனி பகலையே விழுங்கியிருந்தது. லாம்பெத்தில் விடுதி நடத்தும் திருமதி டபெட், தொப்பியைக்கூடக் கழற்றாமல் துப்பறிவாளர் ட்ரெட்கோல்டின் முன் உட்கார்ந்தார்.

"மாடி அறைக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்கார் சார். கார்வின்னு பேர். என்ன வேலைன்னு கேட்டா இருமறார். வீட்ல இருந்தா திரைய இழுத்துடறார், வெளிச்சமே ஆகறதில்ல. கண்ணு ரெண்டும் ரத்தமா இருக்கு. கண்ணாடி முன்னாடி நின்னு பேசறார். உதடு அசையுது, சத்தம் வரல. நேத்து தலையணையோட கழுத்த நெரிச்சிட்டிருந்தார்."

"தலையணைக்கு ஏதுங்க கழுத்து?" என்றான் உதவியாளன் பெல். ஆனால் அவன் முகமும் வெளுத்திருந்தது. பனியில் பெண்களின் கழுத்தை நெரிப்பவனை நகரமே தேடிக்கொண்டிருந்தது.

"என் பொண்ணு ஐவி இப்ப அவரோடதான் போயிருக்கா. என்னமோ காட்டறேன்னாராம்."

திருமதி டபெட் மாடி அறையிலிருந்து எடுத்து வந்த துண்டை மேசைமேல் வைத்தார். அதில் மஞ்சள் பிசுக்கு. ட்ரெட்கோல்ட் முகர்ந்து பார்த்தார்.

"உங்க வாசல் பலகையில என்ன எழுதியிருக்கு?"

"எல்லா விடுதியிலயும் இருக்கறதுதான். நாயும் கூடாது, நடிகனும் கூடாது."

"பெல், வண்டியக் கூப்பிடு. இந்த வாசனை வர்ற இடம் ஆத்தோரத்துல ஒண்ணுதான்."

"போலீஸையும் கூப்பிடட்டுமா சார்?"

"வேண்டாம். தெருவுக்குத் தெரிஞ்சா அந்த ஆள அடிச்சே கொன்னுடுவாங்க."

ஆற்றோரம் ஒரு பழைய கிடங்கு. கதவிடுக்கில் வெள்ளை வெளிச்சம் கொப்பளித்தது. உள்ளே மஞ்சள் முகத்துடன் கார்வி, ஒரு பெண்ணின் கழுத்தை இரு கைகளாலும் இறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஐவி!" திருமதி டபெட் அலறிக்கொண்டு ஓடினார்.

யாரும் திரும்பவில்லை. கேமராவின் கைப்பிடி சுழன்றுகொண்டே இருந்தது. அவர் போய்ப் பிடித்து இழுத்த பெண் ஐவி அல்ல. ஐவி ஓரத்து நாற்காலியில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"படச்சுருள்ல முகத்துச் சிவப்பு கறுப்பா விழும்," என்றார் ட்ரெட்கோல்ட். "அதான் முகத்துக்கு மஞ்சள் பூசறாங்க. கண்ணக் கெடுத்தது இந்த விளக்கு. ஊமைப் படத்துக்கு உதடு அசைஞ்சாப் போதும்."

"அப்ப ஏன் மறைச்சார்?" என்றான் பெல்.

"பலகையப் படிக்கத் தெரிஞ்சவர்."

திருமதி டபெட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கார்வியைப் பார்த்தார். "கொலகாரன் இல்லன்னா சரி. சனிக்கிழமைக்குள்ள அறையக் காலி பண்ணிடுங்க."

டைரக்டர் குறுக்கே வந்தார். "மேடம், நீங்க ஓடி வந்ததும் படத்துல விழுந்திருக்கு. அந்த மாதிரி முகம் தேடினாலும் கிடைக்காது. அப்படியே வச்சுக்கறோம்."

ஐவி மடியிலிருந்த துகளைத் தட்டினாள்.

"அப்ப சனிக்கிழமை நீயும் காலி பண்ணணுமேம்மா."