நாற்பத்தோராவது கேள்வி

"பன்னெண்டாவது கேள்வி! உன் புருஷனுக்குப் பிடிச்ச நிறம் என்ன?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் பதறிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, துடைக்கத் துணியைத் தேடிக்கொண்டே, "நீலம்" என்றாள்.

"வெறும் நீலமா? வெளிர்நீலம்! அவனும் அப்படித்தான் சொல்லப்போறான். ஒரு எழுத்து மாறினாலும் போச்சு!"

நாத்தனார் நோட்டும் கையுமாகச் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். ஊரில் இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். இங்கே வந்த பிறகு ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவுகிறாள். ஆனால் தெரிந்தவர்களுக்கெல்லாம் இன்றைக்கும் அவள் 'டீச்சர்'தான். தம்பி பெண்டாட்டி இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்கு அரசாங்க அலுவலகத்தில் நேர்காணல் என்று கேள்விப்பட்டதுமே டீச்சருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. ஏற்கெனவே போய் வந்தவர்களிடம் விசாரித்துத் தொகுத்த நாற்பது கேள்வி, நாற்பது பதில். முக்கியமானவற்றுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. தம்பியையும் அவன் மனைவியையும் எதிரெதிரே உட்காரவைத்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளைப் போல ஒப்பிக்க வைத்தாள்.

அப்படியும் மூன்று மாதத்துக்கு முன்பு நடந்த நேர்காணல் கவிழ்ந்துவிட்டது. 'இவர்கள் உண்மையில் கணவன் மனைவிதானா என்பதில் சந்தேகம் இருக்கிறது' என்று கடிதம் வந்தது. இன்றைக்கு இரண்டாவது முறை. இதிலும் சந்தேகம் என்றால் அவளை விமானம் ஏற்றிவிடுவார்கள்.

ஏற்றிவிட்டால் எங்கே போவாள்? மாமனார் இறந்ததும் வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். பெற்றவர்கள் இருவரும் இல்லை. ஊரில் அவளுக்கென்று ஒரு பாய் விரிக்க இடமில்லை!

"நான் எழுதிக் கொடுத்ததுல என்ன குறை?" டீச்சரின் குரல் உயர்ந்தது. "எல்லாம் இவளால வந்தது! சரியான அழுத்தக்காரி! அங்க போய் கல்லு மாதிரி உக்காந்திருப்பா. யாருக்குத்தான் சந்தேகம் வராது? எனக்கே சந்தேகமா இருக்கு. உனக்கு இங்க இருக்கப் பிடிச்சிருக்கா, இல்லையா? வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவன் தலையைத் திருப்பாமலே சொன்னான். "விடுக்கா... அவளுக்கு இஷ்டமில்லேன்னா நாம என்ன பண்ண முடியும்?"

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. இஷ்டமில்லையாம்! யாருக்கு? எனக்கா? கேட்கத்தான் நினைத்தாள். கேட்காமல், வழிந்த பாலைத் துடைத்தாள்.

இந்த வீட்டுக்கு வந்து பதினோரு மாதம். கணவன் நகரப் பேருந்து ஓட்டுகிறான். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். டீச்சர் ஏழு மணிக்கு, டீச்சரின் இரண்டு பெண்களும் எட்டு மணிக்கு. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அவளும் நான்கு சுவரும்தான். மாடிப்படியில் இறங்கினால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு பாஷை கேட்கும். எதிர்வீட்டுக் கிழவி ஏதோ சொல்லிச் சிரிப்பாள், இவளும் சிரிப்பாள். அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது. இருப்பதோ இரண்டே அறை. டீச்சருக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. இவளுக்குப் பெண்களின் அறையில் ஒரு மெத்தை. வந்த முதல் நாளே கணவன் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்து சோபாவுக்குப் போனவன்தான், ஒரு நாள்கூட 'இங்கே வா' என்று கூப்பிட்டதில்லை. ஏன் என்று இவளும் கேட்டதில்லை.

மூவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். காத்திருக்கும் கூடத்தில் உலகத்தில் உள்ள எல்லா நிறத்து மனிதர்களும் ஒரே மாதிரியான கவலையோடு உட்கார்ந்திருந்தார்கள். பெயர் அழைக்கப்பட்டதும் டீச்சர் கடைசியாக ஒருமுறை, "வெளிர்நீலம்!" என்று கிசுகிசுத்தாள்.

போன முறை இருவரையும் தனித்தனியே விசாரித்தார்கள். இந்த முறை ஒரே அறை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எதிரே நரைத்த தலையோடு அதிகாரி அம்மாள். அவளும் வேறு ஏதோ நாட்டிலிருந்து வந்து குடியேறியவள்தான் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஓரத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். இங்கேயே பிறந்து வளர்ந்தவளாம். பாடப்புத்தகத்தைப் படிப்பது போலத் தமிழ் பேசினாள்.

"சென்ற முறை உங்கள் இருவரிடமும் நாற்பது கேள்விகள் கேட்கப்பட்டன என்று அதிகாரி கூறுகிறார். நாற்பது பதில்களும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தனவாம். அவருக்கு இருபத்தாறு வருட அனுபவம். உண்மையான கணவன் மனைவி எவரும் நாற்பதுக்கு நாற்பது வாங்கியதில்லை என்கிறார்."

ஐயோ, டீச்சரம்மா! கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்ததுதான் குடியைக் கெடுத்ததா!

"எனவே இன்று ஒரே ஒரு கேள்வி. நீங்கள் இருவரும் கடைசியாக எதற்காகச் சண்டை போட்டீர்கள்?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்தான். நோட்டில் இந்தக் கேள்வி இல்லையே!

"நாங்க சண்டையே போட்டதில்லைங்க" என்றான் அவன்.

"ஆமாங்க" என்றாள் அவளும். "அவர் தங்கமானவர். எனக்கு ஒரு குறையும் இல்ல."

வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லலாமா? அதுவும் அரசாங்க அலுவலகத்தில், முன்பின் தெரியாதவர்களிடம்? புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசத்தான் அவளுக்குத் தெரியும். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னாள். மொழிபெயர்க்கும் பெண் கொஞ்சம் தயங்கினாள்.

"அப்படியானால்... இவரை உங்களுக்குத் தெரியாது என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்."

"என்னது?"

"இவரை உங்களுக்குத்—"

"தெரியாதா? எனக்கா? இவரையா?"

நாற்காலி பின்னால் நகர்ந்தது. எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"கல்யாணமாகி நாலு வருஷம் என்கூட இருந்தாரு. அப்புறம் இங்க வந்துட்டாரு. காகிதமெல்லாம் சரியாகுற வரைக்கும் வெளியில போனா திரும்ப வர முடியாதுன்னாரு. சரின்னேன்! ஒன்பது வருஷம்... ஒன்பது வருஷம் இவரோட அப்பாவை நான் பாத்தேன். வாதம் வந்து படுத்த மனுஷன், பேச்சும் கிடையாது. தூக்கி உக்கார வச்சு, குளிப்பாட்டி, கண்ணைப் பாத்தே என்ன வேணும்னு புரிஞ்சுக்கிட்டு... அதுக்கெல்லாம் நான் அழல. மாமாவை என் அப்பா மாதிரிதான் பாத்தேன். ஆனா தினமும் போன் வரும். 'அப்பாவைக் காட்டு'ம்பாரு. நான் போனைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். ஒன்பது வருஷமா நின்னேன்! ஒருநாள்... ஒரே ஒருநாள், 'போனைத் திருப்புடி, உன் மூஞ்சியைப் பாக்கணும்'னு சொல்லியிருப்பாரா? கேளுங்க அவரை!"

மொழிபெயர்க்கும் பெண் மூச்சுப் பிடித்துக்கொண்டு அவள் பேச்சைத் துரத்தினாள். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"போன தடவை குழந்தை ஏன் இல்லைன்னு கேட்டீங்கல்ல? 'ஆண்டவன் இன்னும் கண் திறக்கவில்லை'ன்னு ஒப்பிச்சேன். ஆண்டவன் என்ன பண்ணுவாரு பாவம்! போன்லயா பெத்துக்க முடியும்?"

"கொஞ்சம் மெதுவா..." என்றான் கணவன்.

"இனிமே என்ன மெதுவா? உங்களுக்குத் தெரியாது... போன மாசம் ஒருநாள் உங்க பஸ்ல நான் வந்தேன். தலையில துணியைச் சுத்திக்கிட்டு, முகத்தை மூடிக்கிட்டு கடைசி சீட்ல உக்காந்திருந்தேன். ஏறுறவங்க எல்லாருக்கும் வணக்கம் சொல்றீங்க. ஒரு கிழவரோட காலை விசாரிக்கிறீங்க. சிரிக்கிறீங்க! எனக்கு ஞாபகமே இல்ல உங்களுக்குச் சிரிக்கத் தெரியும்னு. கடைசி நிறுத்தம் வரைக்கும் போயி அதே பஸ்ல திரும்பி வந்தேன். என் புருஷன் சிரிக்கிறதைப் பாக்கணும்னா நான் டிக்கெட் எடுக்கணுமா?"

அவன் மேசையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

"இன்னும் சொல்றேன். ஏர்போர்ட்ல... பெட்டியைத் தள்ளிக்கிட்டு வரேன். நேரா வராரு. நான் சிரிக்கிறேன். என்னைப் பாத்துட்டு... தாண்டிப் போயிட்டாரும்மா! கட்டின பொண்டாட்டியை அடையாளம் தெரியாம தாண்டிப் போயிட்டாரு! பத்து நிமிஷம் அந்தக் கூட்டத்துல தனியா நின்னேன். அப்புறம் வந்து 'பெட்டி கனமா?'ன்னு கேக்குறாரு. இத்தனை நாளும் ரெண்டு பேரும் அது நடக்காத மாதிரியே..."

அவள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறகு கணவன்தான் பேசினான்.

"அடையாளம் தெரிஞ்சுதுடி."

அவள் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சுதான் தாண்டிப் போனேன். தூரத்துல வரும்போதே, நடையை வச்சே தெரிஞ்சுடுச்சு. எங்கப்பாவைத் தூக்கித் தூக்கி ஒரு பக்கமா சாஞ்சு நடக்கிறே... தலை பாதி நரைச்சிருக்கு... நான் விட்டுட்டு வந்த பொண்ணா இதுன்னு... எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன் முன்னால நிப்பேன்? தூணுக்குப் பின்னால போய் நின்னு அழுதேன். போன்ல உன்னைக் காட்டச் சொல்லாததும் அதுக்குத்தான். உன்னைப் பாத்துட்டேன்னா எல்லாத்தையும் போட்டுட்டு அடுத்த பிளேன்ல கிளம்பி வந்திருப்பேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் வழியே இல்லாமப் போயிருக்கும். இங்க வந்தப்புறமாவது நீ நாலு வார்த்தை திட்டுவேன்னு பாத்தேன். திட்டியிருந்தா கால்ல விழுந்திருப்பேன். நீ ஒண்ணுமே கேக்கல. சரி, இவ நம்மளை மனசுல இருந்து எடுத்து எறிஞ்சுட்டான்னு நினைச்சுத்தான் சோபாவுல..."

"அழறதுக்குத் தூணா கிடைச்சுது உங்களுக்கு?" அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "என் தோள் எங்க போச்சு? இத்தனை வருஷமும் அது எதுக்காக இருந்துச்சு?"

அவ்வளவுதான். பெரிய பேருந்தைத் தெருத் தெருவாகத் திருப்புகிற அந்த மனிதன், அரசாங்க அதிகாரியின் எதிரில், சின்னப் பிள்ளை மாதிரி மனைவியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினான். மொழிபெயர்க்கும் பெண் எப்போதோ மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போதும், சொல்ல வேண்டாம் என்று அதிகாரி கையைக் காட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒன்று மட்டும் கேட்டாள். "இவர் மேல் இன்னும் ஏதாவது குறை உண்டா?"

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நிறைய இருக்குங்க. ஆனா அதெல்லாம் உங்ககிட்ட சொல்றதுக்கில்ல. வீட்டுக்குப் போய் இவர்கிட்டயே சொல்லிக்கிறேன்."

அதிகாரி சிரித்தாள். தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடிதம் ஒரு வாரத்தில் வரும், இனி பெட்டி கட்ட வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

வீங்கிய கண்ணோடு இருவரும் வெளியே வந்ததைப் பார்த்ததும் டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டாள். "போச்சா? நான் அப்பவே சொன்னேன்ல, இந்த அழுத்தக்காரி..."

"அக்கா! கிடைச்சிடுச்சு." அவன் நடந்ததைச் சொன்னான். அப்பாவைப் பற்றி அவள் சொன்னதையும் சொன்னான். கேட்கக் கேட்க டீச்சரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"அவர் எனக்கும்தானே அப்பா..." என்றாள் கடைசியில். "நான் பாத்திருக்க வேண்டியவரை நீ பாத்தே. ஒருநாள் உன்கிட்ட உக்காந்து, எப்படிப் போனாரு, என்ன பட்டாருன்னு கேட்டேனா? பாவி, கேள்வி கேள்வியா எழுதினேன்... அதைக் கேக்கலையே!" அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே தம்பி மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்க அண்ணி. கடைசி வரைக்கும் நிம்மதியாத்தான் இருந்தாரு. சாயங்காலம் எல்லாம் விவரமா சொல்றேன்."

டீச்சர் அங்கிருந்தே வேலைக்குப் போனாள். கணவனும் மனைவியும் பேருந்து ஏறி, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவன் அவளுடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்னியே... அதுவரைக்கும் எதுக்கு? இப்பவே சொல்லு."

"நிறைய இருக்கு. தாங்குவீங்களா?"

"சொல்லு."

நீங்க கிளம்பிப் போன அன்னைக்குக் காலையிலேருந்து, என்று அவள் ஆரம்பித்தாள். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, கதவு திறந்தது, மூடியது. இருவரும் எழுந்திருக்கவில்லை.