சாய்ந்து நின்ற சக்கர வீடு

"என்னது... வீட்டுக்கு ஜாக்கியா?"

குரல் பின்னாலிருந்து வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு சிரிப்பும் வந்தது.

அரியலூர் ரயில்வே கேட்டுப் பக்கத்து இரும்புக் கடையில், எண்ணெய் ஜாக்கியையும் திருகு ஜாக்கியையும் எதிரெதிரே வைத்து, பெண் பார்க்கப் போன மாமியார் மாதிரி மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பழனிவேல் திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

ஐப்பசி மழையில் பாதி நனைந்த தாவணி. கையில் ஒரு கிணற்றுக் கப்பி. கண்கள்... அந்தக் கண்களைப் பற்றிப் பிற்பாடு அவன் நிறைய யோசித்தான், அரசாங்கம் அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறாற்போல. சிரிக்கும்போது உதட்டைவிட அவைதான் அதிகம் சிரித்தன.

"வீடு இல்லீங்க, டிரெய்லர். சக்கரம் வச்ச வீடு மாதிரி. ஜீப்புல மாட்டி இழுத்துட்டுப் போவோம்."

"அதான் சக்கரம் இருக்குல்ல? அப்புறம் ஜாக்கி எதுக்கு?"

"நிறுத்துற எடம் மேடும் பள்ளமுமா இருந்தா சாயும்ல? உள்ள தராசு இருக்கு, மைக்ராஸ்கோப் இருக்கு, எங்க ஆபீசர் இருக்காரு. மூணும் சாயக் கூடாது."

"நாலு செங்கல்ல வச்சு அண்டக் குடுத்தா வேலை முடிஞ்சுது. இதுக்குப் போயி அந்த ஜாக்கியா இந்த ஜாக்கியான்னு அரை மணி நேரமா..."

"அரை மணி நேரமாவா என்னையப் பாத்துட்டு இருந்தீங்க?"

கண்கள் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டன. கடைக்காரர் தேவையில்லாமல் இருமினார்.

"அண்ணே, என் கப்பிக்கு வெலயச் சொல்லுங்க. இவரு எடுத்து முடிக்கிறதுக்குள்ள கடைசி பஸ்ஸே போயிடும்!"

அவள் போய்விட்டாள். பழனிவேல் ரோஷத்தோடு திருகு ஜாக்கியையே நான்காக எடுத்தான். எண்ணெய் ஜாக்கி பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால் நாள்கணக்கில் பாரம் ஏற்றி வைத்தால் மெல்ல மெல்ல இறங்கிவிடும். திருகு ஜாக்கி வைத்த இடத்தில் நிற்கும். இந்த நியாயத்தையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியாமல் போனதில்தான் அவனுக்கு மனசு ஆறவில்லை.

பழனிவேல் யாரென்று சொல்லிவிட வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் செட்டிகுளத்துப் பிள்ளை. ஐ.டி.ஐ. படித்தவன். பூமிக்கடியில் என்ன கல் கிடக்கிறது என்று பார்க்க வந்த ஆய்வு முகாமில் மெக்கானிக். இருபத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று விசாரித்ததில் குறை ஒன்றும் அகப்படவில்லை. தெருவே சேர்ந்து நன்றாகத்தான் விசாரித்தது.

மறுநாள் காலை, ஜெயங்கொண்டம் ரோட்டில் ஒரு பருத்திக் கொல்லை ஓரமாக டிரெய்லரை இழுத்து வந்து நிறுத்தினார்கள். ஆபீசரே பார்த்துப் பிடித்த இடம். எதிர் வீட்டுக் கிணற்றில் புதுக் கப்பி ஒன்று கிறீச்சிட்டது. பழனிவேல் நிமிர்ந்தான்.

அவளேதான்! அய்யம்பெருமாள் மகள் சிந்தாமணி. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிவிட்டு ஹையருக்குப் படித்துக்கொண்டிருந்தவள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பழனிவேல் அவசர அவசரமாக ஜாக்கியை வைத்துத் திருகினான். டிரெய்லர் எழும்பவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கியது. நனைந்த கரிசல் அதை நிதானமாக விழுங்கிற்று.

"ஜாக்கி எங்க சார்? ஊருக்குப் போயிருச்சா?" வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"சிரிங்க... உங்க செங்கல்லு மட்டும் நிக்குமாக்கும்?"

"நிக்காம?"

அவளே நாலு செங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். வைத்துப் பாரம் இறக்கியதும் நாலும் பிஸ்கட் மாதிரி நொறுங்கின. இப்போது சிரிப்பது அவன் முறை. அவளும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, தாங்காமல் சிரித்துவிட்டாள்.

"அகலமா ஒரு பலகை இருந்தாப் போதும்ங்க. பலகைய அடியில போட்டு மேல ஜாக்கிய வச்சா மண்ணு உள்வாங்காது. வீட்ல எதாச்சும் கெடக்குமா?"

மழை பிடித்துக்கொண்டது. அவள் உள்ளே ஓடினாள். பரண்மேல் கைக்குக் கிடைத்த பலகையை இழுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தாள். நல்ல வேங்கைப் பலகை, ஆள் இரண்டு பேர் உட்காரலாம். அதை அவன் சேற்றில் போட்டான். ஒரு முனை தூக்கிக்கொண்டது.

"அந்தப் பக்கம் மிதிங்க... இன்னும் அழுத்தி!"

அவள் ஏறி நின்றாள். மறு முனையில் அவன் ஏறினான். பலகை மெல்ல மெல்ல அமர்ந்தது. இரண்டு பேர் முகத்திலும் மழை வழிந்தது. அவள் இமையில் ஒரு துளி தொங்கிக்கொண்டு விழுவேனா என்றது... அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஜாக்கி கையில் இருப்பதே மறந்துவிட்டது.

"அடி ஆத்தீ!"

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு, முறத்தைத் தலைக்குப் பிடித்தபடி நின்றாள். அந்தம்மாள் கண்ணுக்குத் தப்பியது எதுவும் அந்தத் தெருவில் நடந்ததாகக் கணக்கில்லை.

"சிந்தாமணி... அது உங்கப்பாரு ஒனக்குன்னு அடிச்சு வச்ச கல்யாண மணைல்ல? கெழக்கப் பாத்து... மாப்ள வலதுல, பொண்ணு எடதுல... மழையில மணையேறிட்டீங்களேடி!"

சிந்தாமணி காலுக்குக் கீழே பார்த்தாள். ஓரத்தில் தாமரை செதுக்கியிருந்தது. நெருப்பை மிதித்தவள் மாதிரி குதித்து வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

மழை விடுவதற்குள் சேதி கடைவீதிக்குப் போய்ச் சேர்ந்தது. சாயங்காலத்துக்குள், பழனிவேல் தாலியைத்தான் எடுத்துவர மறந்துவிட்டான் என்கிற அளவுக்கு வளர்ந்திருந்தது.

அய்யம்பெருமாள் கொல்லையிலிருந்து வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டிரெய்லர் முன்னால் நின்றார்.

"தம்பி, இதுக்கு என்ன சொல்றீங்க?"

பழனிவேல் கைச் சேற்றைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். சொல்ல வேண்டியது நெஞ்சு நிறைய இருந்தது. வாய்க்கு வந்ததோ வேறு.

"தப்பு எம்மேலதாங்க. ஊரு வாய அடைக்கணும்னா... நானே கட்டிக்கிறேங்க."

அய்யம்பெருமாள் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து மகள் வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஊரு வாய அடைக்கிறதுக்கு நான் என்ன முட்டுக்கட்டையா? சாயற எடத்துல கொண்டாந்து சொருகிக்க? அப்பா, பலகைய வாங்கி உள்ள போடுங்க. இவருக்கு வேற கட்டை கெடைக்கும்!"

கதவு சாத்திக்கொண்டது. முட்டாள்... முட்டாள்... என்று பழனிவேல் தன்னையே திட்டிக்கொண்டான். பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே!

அரியலூரிலிருந்து ரயில்வே சிலிப்பர் கட்டைகள் வந்தன. கட்டைமேல் ஜாக்கி நின்றது, ஜாக்கிமேல் டிரெய்லர் நின்றது. ரசமட்டத்துக் குமிழி நட்ட நடுவில் வந்து உட்கார்ந்தது. பழனிவேல் மனசுக்குத்தான் அப்படி ஒரு மட்டம் கிடைக்கவில்லை. எதிர் வீட்டில் கோலம் போடும் தலை நிமிரவே இல்லை.

ஒருநாள் காலை, பெருமழைக்குப் பிறகு, டிரெய்லர் தானாகவே ஒரு மூலையில் கொஞ்சம் அமுங்கியிருந்தது. சிந்தாமணிக்குக் கோணல் ஆகாது. அடுத்த வீட்டுச் சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தாலும் நேராக்கிவிட்டுத்தான் திரும்புவாள். கோலப்பொடியும் கையுமாக நின்று, காற்றிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"மேக்கால பக்கம் தாழ்ந்திருக்கு."

அவ்வளவுதான். பழனிவேல் பறந்துபோய்த் திருகினான். அன்று முழுக்க முகாமில் அவன் விசிலடித்த சத்தம்.

மறுநாள் டிரெய்லர் நேராக நின்றது. அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பழனிவேல் ஒரு ஜாக்கியை ஒரே ஒரு சுற்று... இறக்கிவிட்டான்.

"வடக்கால தாழ்ந்திருக்கு." காலையில் குரல் வந்தது. தேன் மாதிரி.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஒருநாள் கிழக்கு, ஒருநாள் தெற்கு. "என்ன மெக்கானிக்கோ!" என்று ஒருநாள் ஒரு வசவுகூடக் கிடைத்தது. அதை அவன் வெகுநேரம் அசைபோட்டான். டிரெய்லருக்குள் ஆபீசர் எழுத உட்கார்ந்தால் பேனா உருண்டது. டீ டம்ளர் மேஜையில் நடந்தது. தராசு சொன்ன எடையை அவரே நம்பவில்லை. கடைசியில் பொறுமை இழந்தார்.

"இந்த மண்ணே சரியில்லைய்யா. நாளைக்கு முகாமை சிறுவாச்சூருக்கு மாத்தறோம்."

பழனிவேல் தன் கையையே பார்த்தான். அவனே திருகிய திருகு, அவனையே கிளப்பிவிட்டது!

காலையில் ஜீப் வந்தது. கொக்கி மாட்டியாயிற்று. வேடிக்கை பார்க்கத் தெரு திரண்டது. அம்மாக்கண்ணு முன்வரிசை. அய்யம்பெருமாள் வேலியோரம் நின்றார். சிந்தாமணி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் கோலப்பொடிக் கிண்ணம், தரையில் ஒரு புள்ளிகூட இல்லை. கண்களில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இரண்டும் இல்லாத அந்தக் கண்களை அவனால் தாங்க முடியவில்லை.

"சார்... மண்ணு மேல தப்பில்ல சார்."

"பின்னே?"

"நான்தான் சாயங்காலத்துல ஜாக்கிய எறக்கி விட்டேன்."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்யா? வேலை போயிடும், தெரியுமா?"

"தெரியும் சார். காலைல அவங்க வந்து எந்தப் பக்கம் தாழ்ந்திருக்குன்னு சொல்லுவாங்க... அந்த ஒரு பேச்சக் கேக்குறதுக்குத்தான் சார்." அவன் வாசல் பக்கம் திரும்பினான். "ஊரு ஒண்ணுமே சொல்லலைன்னாலும் கேட்டிருப்பேங்க. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. சொல்ல தைரியம் வராமத்தான் அன்னிக்கி ஊரச் சாக்கு சொல்லிட்டேன்."

அம்மாக்கண்ணு வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்தாள்.

அய்யம்பெருமாள் மகளைப் பார்த்தார். "என்னம்மா இது? இந்தத் தம்பி செஞ்ச கூத்தக் கேட்டியா?"

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"மொத நாள் எறக்கினப்பவே பாத்துட்டேன்... கிணத்தடியில இருந்து." சிந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். காதுமடல் வரைக்கும் சிவந்திருந்தது.

"தெரிஞ்சுமா தெனம் வந்து தாழ்ந்திருக்கு, தாழ்ந்திருக்குன்னு சொன்ன?"

அவள் நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. நேராகப் பழனிவேலைப் பார்த்தாள். அந்தக் கண்கள் சிரிக்கத் தொடங்கியிருந்தன...

"சொல்லலைன்னா நிறுத்திடுவாரேப்பா!"